வீர்டேல் நாட்குறிப்பு: கடைக்குள் பச்சை, வாசலில் நீலம்

வெள்ளி இரவு, ஸ்டான்ஹோப்

மே மாத பேங்க் ஹாலிடேயை ஒட்டிய வார இறுதி. லீட்ஸிலிருந்து மதியமே கிளம்பி, டர்ஹாமில் மச்சினனை ஏற்றிக்கொண்டேன். பாளையங்கோட்டைப் பையன், நியூகாசிலில் முதுகலை படிக்கிறான், லீவில் அறையில் படுத்துத் தூங்கத்தானே போகிறாய் வா என்று நான்தான் இழுத்து வந்தேன். "எங்க அத்தான் போறோம்?" என்றான். கல் பார்க்க என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச தூரத்துக்குப் பேச்சே இல்லை.

போகிற இடம் வீர்டேல். இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் மாவட்டத்தின் மேற்கில், வீர் என்ற சின்ன ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. படிகம் சேகரிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் அத்துபடி. இங்கே கிடைக்கும் ஃப்ளூரைட் என்ற கனிமத்தின் பச்சைப் படிகம் அறை விளக்கில் நல்ல பச்சையாக இருக்கும், அதையே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் நீலமாகிவிடும், சில துண்டுகளில் நீலம் ஊதா வரைக்கும் போகும். திரும்ப உள்ளே போனால் மறுபடி பச்சை. டார்ச் அடிக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம், வாசற்படியைத் தாண்டினால் போதும். என்னிடம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இருக்கிறது, அது சட்டைப் பையில் பஞ்சுக்குள் கூடவே வருகிறது. அது வந்த மலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணம்.

வழியில் டர்ஹாம் கதீட்ரலுக்குள் நுழைந்தோம். மச்சினன் கட்டடத்தைப் பார்த்தான், நான் தூணைப் பார்த்தேன். கிழக்குக் கோடியில் ஒன்பது பீடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு, 1242இல் கட்ட ஆரம்பித்தது, அங்கே சுவரை ஒட்டி நிற்கும் ஒல்லியான கறுப்புத் தூண்கள் எல்லாம் நாங்கள் போகிற பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. ஃப்ராஸ்டர்லி மார்பிள் என்று பெயர். பெயரில்தான் மார்பிள், உண்மையில் அது மெருகேற்றிய சுண்ணாம்புக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்புக்குள் வெளிர்சாம்பல் நிறத்தில் பவளங்கள் அப்படியே கிடக்கின்றன. குறுக்கே வெட்டுப்பட்டது வட்டமாக, நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகளோடு; நீளவாக்கில் வெட்டுப்பட்டது கொம்பு வடிவத்தில். முப்பது கோடி ஆண்டுக்கு மேல் வயதான கடல் உயிர்கள், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இந்த நிலம் கிடந்த காலத்தவை. இதைக் கதீட்ரலில் பார்த்துவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் இந்தப் பவளப் பட்டை இருக்கும் அதே சுண்ணாம்புக்கல் அடுக்குக்குள்தான் நாம் தேடிப் போகிற ஃப்ளூரைட்டும் விளைந்திருக்கிறது. அந்த அடுக்கை இங்கே கிரேட் லைம்ஸ்டோன் என்கிறார்கள்.

ஸ்டான்ஹோப்பில் தங்கும் அறை சின்னது, ஜன்னலுக்கு வெளியே ஆட்டுக்குட்டிகள் கத்திக்கொண்டே இருக்கின்றன. கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டு முடித்தாயிற்று. நாளைக்கு மழை என்கிறது போன்.

சனி இரவு, ஸ்டான்ஹோப்

மழை வரவில்லை, ஆனால் நாள் முழுக்க வானம் மூட்டமாகவே இருந்தது. மச்சினன் சலித்துக்கொண்டான். எனக்கு இதுதான் வேண்டும். நிறம் மாறும் ஃப்ளூரைட்டைப் பார்க்க உச்சி வெயில் தேவையே இல்லை, மேகத்துக்குள் வடிகட்டி வரும் வெளிச்சத்திலும் புற ஊதாக்கதிர் தாராளமாக இருக்கிறது, கண்ணைக் கூச வைக்கும் வெயில் இல்லாததால் கல்லின் சொந்த ஒளி எடுப்பாகத் தெரிகிறது. சேகரிப்பாளர்களுக்கு இங்கிலாந்து வானம் செய்கிற ஒரே உபகாரம் இது.

காலையில் ஸ்டான்ஹோப் தேவாலய மதிலில் நிறுத்தி வைத்திருக்கும் கல்மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏ689 சாலையில் ஃப்ராஸ்டர்லி பக்கம் திரும்பினோம். இரண்டு ஊருக்கும் நடுவில், சாலைக்கு வடக்கே, ரோஜர்லி என்ற கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி. அதன் சுவரில்தான் ரோஜர்லி சுரங்கம். சுரங்கம் என்றதும் கோலார் மாதிரி ஏதோ நினைத்து வந்த மச்சினன், புல் முளைத்த பாறைச் சுவரைப் பார்த்துவிட்டு "இதுக்கா அத்தான்?" என்றான். இதற்குத்தான்.

இந்தச் சுரங்கத்தின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. வீர்டேல் இருக்கும் வடக்குப் பென்னைன் மலைகளில் நூற்றாண்டுக் கணக்கில் தோண்டியது ஈயத்துக்காக. ஈயத் தாது, அதாவது கலீனா, பாறை வெடிப்புகளில் படிந்திருக்கும், அதோடு சேர்ந்து வருகிற ஃப்ளூரைட்டைத் தொழிலாளிகள் வேண்டாத கழிவு என்று வெளியே கொட்டினார்கள். 1880களில் ஈயத்தின் விலை விழுந்து தொழில் படுத்தது. அதற்குப் பின்னால்தான் எஃகு ஆலைகளுக்கு ஃப்ளூர்ஸ்பார், அதாவது இதே ஃப்ளூரைட், தேவைப்பட்டது, உலையில் போட்டால் கசடு இளகி ஓடும். கொட்டிய குப்பையையே திரும்ப அள்ளினார்கள், புதிதாகவும் தோண்டினார்கள். இந்தப் பகுதியின் கடைசிப் பெரிய ஃப்ளூர்ஸ்பார் சுரங்கமான குரோவரேக் 1999இல் மூடியது. ரோஜர்லி இந்த இரண்டு வரிசையிலும் சேராது. 1970களில் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் இருவர் குவாரிச் சுவரில் படிகம் இருப்பதைக் கண்டு, படிகத்துக்காக மட்டுமே தோண்ட ஆரம்பித்தார்கள். 1999இலிருந்து யுகே மைனிங் வென்ச்சர்ஸ் என்ற குழு கோடைதோறும் வந்து வேலை செய்தது. குரோவரேக் மூடிய அதே வருடம் என்பதைக் கவனியுங்கள், டன் கணக்கில் அள்ளும் தொழில் செத்த வருடத்தில் ஒவ்வொரு துண்டாக எடுக்கும் தொழில் சூடு பிடித்திருக்கிறது. அதே குவாரியில் 2017இலிருந்து டயானா மரியா என்ற இன்னொரு சுரங்கம் வேலை செய்கிறது. இப்போது சந்தையில் புதிதாக வருகிற வீர்டேல் பச்சை பெரும்பாலும் அங்கிருந்துதான்.

உள்ளே போக முடியாது. தனியார் நிலம். சாலையோரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய சுரங்கங்களுக்குள் சுத்தியலோடு நுழைகிற ஆர்வலர்கள் உண்டு, இந்தப் பாறைக் கூரைகளை நம்ப முடியாது, பல கழிவு மேடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அனுமதியில்லாமல் ஒரு துண்டு எடுப்பதும் திருட்டுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால்: செங்குத்தாக ஓடும் வெடிப்பின் வழியே சூடான உப்புநீர் ஏறி வந்திருக்கிறது, பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிடைமட்டமாகப் பரவியிருக்கிறது. அப்படிப் பரவிய இடங்களுக்கு இந்த ஊர்ச் சுரங்கக்காரர்கள் ஃப்ளாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃப்ளாட்டுக்குள் அங்கங்கே பொந்துகள், பொந்தின் சுவர் முழுக்க ஃப்ளூரைட் கனசதுரங்கள். பாதிப் பொந்தில் சேறு அடைத்திருக்கும். பொந்துக்குப் பக்கத்தில் வெடி வைத்தால் படிகம் போச்சு, அதனால் அங்கே வைரம் பதித்த சங்கிலி ரம்பத்தால் பாறையைப் பாளம் பாளமாக அறுத்து எடுக்கிறார்கள். ஒரு நல்ல துண்டின் விலையில் பாதி இந்த அறுப்புக் கூலிதான் என்று எனக்குத் தோன்றும்.

ஃப்ராஸ்டர்லியில் டீ குடித்துவிட்டு, கார் பார்க்கிங்கில் உட்கார்ந்தபடியே பையில் இருந்த துண்டை எடுத்து மச்சினனிடம் கொடுத்தேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தான். பச்சை. "மாறலையே" என்றான். கதவைத் திறந்து கையை வெளியே நீட்டச் சொன்னேன். நீட்டினான். விரல் நுனியில் இருந்தது சட்டென்று நீலம். உள்ளே இழுத்தான், பச்சை. வெளியே, நீலம். பத்துத் தடவை செய்திருப்பான். பக்கத்துக் காரில் இருந்த கிழவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

காரின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அந்தப் படலம் புற ஊதாக்கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வெளிச்சம் வருகிறது, நிறத்தை மாற்றும் பங்கு வருவதில்லை. வீட்டு ஜன்னல் கண்ணாடி அப்படியில்லை, நெட்டலைப் புற ஊதாவை ஓரளவு விட்டுவிடும், அதனால் ஜன்னலோரத்தில் கல் பாதி நீலத்தில் நிற்கும். கடைகளில் இருக்கும் எல்இடி விளக்கில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே கல் பச்சையாகத்தான் இருக்கும்.

சரி, கல்லுக்குள் என்ன நடக்கிறது. ஃப்ளூரைட் என்பது கால்சியமும் ஃப்ளூரினும். தூய்மையாக இருந்தால் நிறமே கிடையாது. வீர்டேல் ஃப்ளூரைட்டில் கால்சியத்தின் இடத்தில் அங்கங்கே அரிய மண் தனிமங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பச்சைக்குச் சமேரியத்தைக் காரணம் சொல்கிறார்கள். நீலத்துக்கு யூரோப்பியம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா யூரோப்பியத்தின் மேல் பட்டால் அது வாங்கிய சக்தியில் ஒரு பகுதியை நீல ஊதா ஒளியாக, சுமார் 425 நானோமீட்டரில், உடனே திருப்பிக் கொடுக்கிறது. பச்சை கல்லின் நிறம், நீலம் கல் விடுகிற ஒளி. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கின்றன, எது ஜெயிக்கிறது என்பதுதான் விஷயம்.

இதை ஒரே இடத்தில் நின்றே பார்க்கலாம். துண்டை வானத்துக்கு நேரே உயர்த்தி அதன் ஊடாகப் பாருங்கள், வெளியில் நின்றாலும் பச்சைதான், ஏனென்றால் ஊடுருவி வரும் வெளிச்சம் அந்த நீலத்தை அமுக்கிவிடுகிறது. அதையே இறக்கிக் கறுப்புக் கோட்டின் முன்னால் பிடித்தால் மேற்பரப்பை ஒட்டிய ஒரு படலம் மட்டும் நீலமாகப் புகைகிற மாதிரித் தெரியும். 1819இலேயே கேம்பிரிட்ஜின் முதல் கனிமவியல் பேராசிரியர் எட்வர்ட் டேனியல் கிளார்க் டர்ஹாம் ஃப்ளூரைட்டைப் பற்றி இதைத்தான் எழுதினார், ஊடே பார்த்தால் மரகதப் பச்சை, மேலே பட்டுத் திரும்பும் ஒளியில் நீலக்கல் நிறம் என்று. ஏன் என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருடம் கழித்து ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் வந்தார். இந்த மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆல்ஸ்டன் மூர் ஃப்ளூரைட்டையும், வேறு சில பொருட்களையும் வைத்து, உள்ளே போகும் ஒளி ஒன்று, வெளியே வரும் ஒளி வேறு என்று நிரூபித்தார். அந்த நிகழ்வுக்கு 1852இல் ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்ததும் இந்தக் கல்லை வைத்துத்தான். இன்றைக்கு டியூப் லைட்டிலிருந்து ரூபாய் நோட்டுச் சோதனை வரைக்கும் ஓடுகிற சங்கதி.

மச்சினன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி லென்ஸில் பார்த்துக்கொண்டிருக்கிறான். திரும்பத் தருவானா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிறு இரவு, செயின்ட் ஜான்ஸ் சாப்பல்

இன்று பள்ளத்தாக்கின் மேல் பகுதி. முதலில் ஈஸ்ட்கேட்டிலிருந்து வலது பக்கம் பிரிந்து ரூக்ஹோப். குறுகலான சாலை, எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் போக வேண்டியதுதான். ஊரைத் தாண்டி வெட்டவெளியில் ஒற்றைக் கல் வளைவு ஒன்று எதையும் தாங்காமல் நிற்கிறது. ஈய உருக்காலையின் புகையை மலை உச்சி வரை கொண்டுபோன படுக்கைவாட்டுப் புகைக்குழாயை ஒரு காலத்தில் தாங்கியது. குழாயின் உட்சுவரில் படியும் ஈயத்தைச் சுரண்டி எடுப்பதும் ஒரு வேலையாக இருந்திருக்கிறது. அதைச் செய்தவர்களின் நுரையீரலை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ரூக்ஹோப்பில் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒன்றும் இல்லாத ஒரு இடம். 1960–61இல் இங்கே ஒரு ஆழ்துளை போட்டார்கள். கனிமங்கள் பரவியிருந்த விதத்தை வைத்து, இந்த மலைக்கு அடியில் கிரானைட் இருக்க வேண்டும் என்று கிங்ஸ்லி டன்ஹாம் என்ற புவியியலாளர் நெடுங்காலமாகச் சந்தேகப்பட்டார், புவியீர்ப்பு அளவீடுகளும் அதையே சொல்லின. துளையில் சுமார் 390 மீட்டரில் கிரானைட் வந்தது. எல்லாரும் சந்தோஷப்படுவதற்குள் ஒரு சிக்கல். சூடான கிரானைட் கீழிருந்து வந்துதான் தாதுக்கள் உண்டாயின என்பது அதுவரை இருந்த கணக்கு, ஆனால் வெளியே வந்த கிரானைட்டின் மேல் முகம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போயிருந்தது. அதாவது மேலே சுண்ணாம்புக்கல் படிவதற்கு முன்பே அது ஆறி, வெளியே தெரிந்து, அரிக்கப்பட்ட பழைய பாறை. தாதுவைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது. கணிப்பு பலித்தது, காரணம் பலிக்கவில்லை. எனக்கு அறிவியலில் இந்த மாதிரிக் கதைகள்தான் பிடிக்கும்.

ஆனாலும் அந்தக் கிரானைட் சும்மா கிடக்கவில்லை. அதில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் இன்னும் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. 2004இல் ஈஸ்ட்கேட்டில் மூடிப்போன சிமென்ட் ஆலை நிலத்தில் 995 மீட்டர் துளைத்தபோது அடியில் 46 டிகிரி இருந்தது. அன்றைக்கும் அடியிலிருந்து வந்த சூட்டில் வெடிப்புகள் வழியே உப்புநீர் சுற்றிச் சுற்றி வந்துதான் ஃப்ளூரைட் படிந்திருக்கிறது. மச்சினன் இதைக் கேட்டுவிட்டு "அப்ப குற்றாலம் மாதிரி இங்க வெந்நீர் அருவி வச்சிருக்கலாமே" என்றான். குற்றாலத்தில் எங்கேடா வெந்நீர்.

மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கு மியூசியம் ஒன்றில் ஸ்பார் பாக்ஸ் ஒன்றைப் பார்த்தோம். இதை எழுதத்தான் இன்றைக்குக் கை துறுதுறுக்கிறது. ஈயம் தோண்டப் போனவர்கள் கண்ணில் பட்ட அழகான துண்டுகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து, குளிர்கால இரவுகளில் உட்கார்ந்து செய்த மரப்பெட்டிகள். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே ஃப்ளூரைட், குவார்ட்ஸ், கலீனாவை ஒட்டிக் குகை மாதிரியோ ஊர்த் தெரு மாதிரியோ அமைப்பு, பின்னாலும் பக்கத்திலும் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து அந்தத் தெரு முடிவே இல்லாமல் போகிற மாதிரிக் காட்டியிருப்பார்கள். நடுவில் மெழுகுவத்தி வைக்க இடம். விக்டோரியா காலத்தில் யார் பெட்டி அழகு என்று போட்டி கூட நடந்திருக்கிறது. நம் வீட்டு நவராத்திரிக் கொலுவில் பூங்கா கட்டுகிற அதே வெறி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் செய்தவர்களுக்குத் தங்கள் பெட்டிக்குள் இருப்பது பச்சைக் கல், பகலில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் அதே பெட்டியில் நீலக் கல். முதலாளிக்குக் கழிவு, தொழிலாளிக்குப் பொக்கிஷம், இன்றைக்கு அதே துண்டுக்கு ஏலத்தில் கையைத் தூக்குகிறோம்.

கில்ஹோப்பில் இருக்கும் பெரிய இரும்பு நீர்ச்சக்கரம் வரைக்கும் போய்விட்டு வந்தோம். பத்து மீட்டர் விட்டம். காற்று அடித்த அடியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

இன்றைய அறை ஒரு வீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மாவின் தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவராம். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் தோட்டச் சுவரில் ஃப்ளூரைட் பதித்திருக்கிறார்கள், இவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கட்டையிலும் முஷ்டி அளவு ஒன்று. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். ஜன்னலைப் பார்த்திருந்த பக்கம் வெளுத்த சாம்பல், லேசாக ஊதா ஓடுகிறது. திருப்பினால் சுவர்ப்பக்கம் இன்னும் பச்சை. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறது என்று கேட்டேன், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இங்கேதான் என்றார்.

நிறம் மாறும் ஃப்ளூரைட் வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பச்சையைக் கொடுக்கும் சமேரியத்தின் நிலை பலவீனமானது, வெயில் நாளாவட்டத்தில் அதைக் குலைத்துவிடுகிறது. யூரோப்பியத்தின் நீல ஒளி நிற்கும், அடியில் இருக்க வேண்டிய பச்சை போய்விடும். மாற்றத்தைக் காட்டுவது எந்த வெளிச்சமோ அதே வெளிச்சம்தான் மாறுவதற்கு ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறது. சில நிமிடம் வெளியே எடுத்து ரசிப்பதால் ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம். ஜன்னல் கட்டையில் குடிவைத்தால்தான் ஆபத்து. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தாத்தா வைத்த இடம், அங்கேயே இருக்கட்டும்" என்று திரும்ப அங்கேயே வைத்துவிட்டார், அதுவும் வெளுத்த பக்கம் ஜன்னலைப் பார்க்க.

திங்கள் இரவு, லீட்ஸ்

வீடு வந்து சேர்ந்தாயிற்று. இன்றைக்குக் காலை, திரும்பும் வழியில், ஒரு கிராம மண்டபத்தில் கல் விற்பனை. மேஜை போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது இணையத்தில் வாங்குகிறார்கள், விற்பவர் அனுப்பும் படத்தை மட்டும் நம்பி.

முதல் மேஜையில் ஒரு துண்டு கண்ணைப் பறித்தது. உள்ளேயே, விளக்குக்கு அடியிலேயே, பளீரென்ற நீலம். மச்சினன் என் முழங்கையை இடித்தான். நான் குனிந்து தட்டுக்கு மேலே பார்த்தேன், வெள்ளை விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சின்னப் புற ஊதாப் பட்டை விளக்கு. அதை அணைக்க முடியுமா என்று கேட்டேன், அணைத்தார், ஆனால் முகம் மாறிவிட்டது. புற ஊதா டார்ச்சில் ஒளிர்வது வேறு, பகல் வெளிச்சத்தில் நிறம் மாறுவது வேறு. முதலாவதை எத்தனையோ ஊர் ஃப்ளூரைட் செய்யும். டார்ச் அடித்தால் நீலமாகக் கொழுந்துவிட்டு எரியும் துண்டு, வெளியே கொண்டுபோனால் ஒரு துளி கூட மாறாமல் நிற்கலாம். கலர் சேஞ்ச் என்று எழுதி, டார்ச் அடித்து எடுத்த படத்தைப் போட்டு விற்றால் அது ஏமாற்றுதான், வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் வாங்கினால் ஒரே துண்டை உள்ளேயிருந்து வாசலுக்குக் கொண்டுவரும் வீடியோவை, நடுவில் வெட்டாமல், கேளுங்கள். தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

மூலை மேஜையில் ஒரு வயதான அம்மா. வெளியே எடுத்துப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்கும் முன்பே "கதவு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். அங்கேதான் வாங்கினேன்.

வாங்கியது நாலு சென்டிமீட்டர் அகலம், மினியேச்சர் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அளவு. பழுப்புப் பாறையின் மேல் மூன்று படிகம், நடுவில் இருப்பது இரட்டை. வீர்டேல் ஃப்ளூரைட்டின் அடையாளமே இந்த இரட்டைதான். ஒரு கனசதுரத்துக்குள் இன்னொரு கனசதுரம் திரும்பிய நிலையில் ஊடுருவி நிற்கும், ஒன்றின் முகத்தைப் பிளந்துகொண்டு மற்றதன் மூலை முக்கோணமாக எட்டிப் பார்க்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்த மூலையைச் சுற்றி முகம் தட்டையாக இல்லை, நாலு பக்கமும் லேசாகச் சரிந்து, படிப்படியாக மெல்லிய கோடுகள். ஒரு இடுக்கில் மணல் அளவு கலீனா, வெள்ளி நிறத்தில், அதுவும் கனசதுரம். ஒரு விளிம்பில் சின்னச் சிதைவு இருக்கிறது, அதனால்தான் என் பட்ஜெட்டுக்குள் வந்தது. வாசலில் வைத்துப் பார்த்தபோது பெரிய படிகம் முழு நீலம், இரண்டு சின்னதும் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் தயங்கி நிற்கின்றன. ஒரே பாறையில், ஒரே வெளிச்சத்தில். வளர்ந்த சமயத்தில் நீரில் இருந்த யூரோப்பியம் கூடிக் குறைந்திருக்கும் என்பது என் ஊகம்.

மேஜையை விட்டு நகரும் முன் அந்த அம்மாவே தன் புற ஊதா டார்ச்சை எடுத்துக் கல்லின் அடிப்பக்கம் அடித்துக் காட்டினார். டார்ச்சுக்கு உருப்படியான வேலை இதுதான்: உடைந்து ஒட்டிய துண்டாக இருந்தால் பசை ஓடும் கோடு வெளிறிப் போய்த் தனியாகத் தெரியும். ஒட்டியதை ஒட்டியது என்று சொல்லி விற்றால் தப்பில்லை, விலை மட்டும் குறைய வேண்டும். எண்ணெய் தடவி மினுக்குவதும் உண்டு, ஒரு டிஷ்யூவால் ஒற்றினால் தெரிந்துவிடும்.

வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் சேற்றை எடுத்தேன். கொதிக்கிற தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஆகாது, ஃப்ளூரைட் நாலு திசையில் சுலபமாகப் பிளக்கும், திடீர்ச் சூட்டில் உள்ளுக்குள் விரிசல் ஓடிவிடும். கடினம் மோஸ் அளவில் 4தான், கத்தி பட்டால் கீறும். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: துருவைப் போக்குகிறேன் என்று கந்தக அமிலத்தில் போடக்கூடாது. ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கிளம்பும், அது ஆளைக் கொல்லும் விஷம்.

பழைய நகமளவுக் கல் என்ன ஆயிற்று என்றால், நினைத்தபடியே மச்சினன் பைக்குள் போய்விட்டது. டர்ஹாமில் இறங்கும்போது "அத்தான், இது நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டான், கேட்கும்போதே பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தான். வைத்துக்கொள் என்றேன், அறையில் மேஜை டிராயருக்குள் வை, ஜன்னலில் வைக்காதே. கூடவே அதன் சீட்டையும் கொடுத்தேன்: ஃப்ளூரைட், ரோஜர்லி சுரங்கம், ஃப்ராஸ்டர்லி, வீர்டேல், டர்ஹாம், இங்கிலாந்து. அந்தச் சீட்டைத் தொலைத்தால் நல்ல கல்லும் ஊர்பேர் தெரியாத கல்லாகிவிடும், விலையும் அப்படியே இறங்கிவிடும். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டான், துணி துவைக்கும்போது எடுத்துவிடுவானா என்று தெரியவில்லை, நாளைக்குப் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.